எறும்பு மொய்க்காத வெல்லம்

காரை விட்டுவிட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. சித்திரை மாத உச்சி வெயிலில் ஓடினால் போய்ச் சேர மாட்டேன் என்று தெரியும். போனைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. எனக்குப் பின்னால், செம்மண் பாதையில் நின்றுபோன வெள்ளைக் காரின் பின் சீட்டில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். அவரைக் காப்பாற்றும் பொருள் அவர் மடியிலேயே இருந்தது. அதைத் தொட மாட்டேன் என்றார்.

கருப்பரை நம்பும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் பாண்டி. எட்டாவதோடு படிப்பை விட்டேன். திருப்பூரில் சாயப் பட்டறை, எர்ணாகுளத்தில் பரோட்டாக் கடை, அப்புறம் லாரி. எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்தச் சமயம் காரைக்குடியில் ஆக்டிங் டிரைவராக நின்றேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் அன்றைக்கு ஒரு நாள் ஓட்டிக் கொடுக்கிற வேலை.

அன்று காலை என்னைக் கூப்பிட்டவர் சொக்கலிங்கம் ஐயா. சென்னையில் இருப்பவர். பள்ளத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவருடைய பூர்வீக வீட்டில் அன்று மதியம் படைப்பு. வீட்டின் முன்னோர்களுக்குப் புதுத் துணி வைத்து, இலை போட்டுப் படைப்பார்கள். அது முடிகிற வரை வீட்டு ஆட்கள் பச்சைத் தண்ணீரோடு பட்டினி இருப்பார்கள். படையலுக்கான வெல்லமும் வாழைப்பழமும் கொட்டான் என்கிற ஓலைக் கூடையில் இருந்தன. அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. டிரைவர் என்றே கூப்பிட்டார்.

கார் புதிது. கரண்டில் ஓடுகிற கார். ரோட்டில் பாலம் வேலை நடந்ததால் நான்தான் உள்பாதையில் திருப்பினேன். பாதி தூரத்தில் முன்னால் இருந்த திரை கறுத்துப் போனது. சத்தமில்லாமல் ஓடிய வண்டி சத்தமில்லாமலே நின்றது. கியர் நகரவில்லை, ஹாரன் இல்லை, ஏசி இல்லை. சுற்றிலும் கருவேலங்காடு. தூரத்தில் ஒரு பெரிய வீடு, அதுவும் பூட்டிக் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை.

அப்போது அவர் போனில் கொஞ்சம் சிக்னல் இருந்தது. கம்பெனி உதவி நம்பருக்குப் பேசினார். வாரன்டி இன்னும் இருக்கிறது, ரெக்கவரி வண்டியை அனுப்பி ஏற்றிக்கொள்கிறோம் என்று ஒரு பெண் சொன்னாள். கயிறு கட்டி யாரையும் இழுக்க விடாதீர்கள், சக்கரம் சுற்றினால் மோட்டார் போய்விடும், வாரன்டியும் போய்விடும் என்றாள். லொகேஷன் அனுப்பச் சொல்லும்போதே லைன் அறுந்தது. அவர் அனுப்பினார். போனதா இல்லையா என்று தெரியவில்லை.

சற்று நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டே இறங்கினார். இழுத்தால் வாரன்டி போய்விடும் என்று ஐயா தடுத்தார்.

“வாரன்டி போனாப் போகுதுண்ணே. வெயில்ல நீங்க போயிறாதீக” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த டிராக்டரில் ஐயாவை ஏற்றி அனுப்பியிருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வண்டியைப் பற்றியே பேசினோம்.

அது போன பிறகுதான் அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. விரல்கள் நடுங்கின. பேச்சு குழறியது. என்ன செய்கிறது என்று கேட்டேன். சர்க்கரை வியாதியாம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, படைப்புக்காகச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். உச்சிக்கு முன்னால் போய்விடலாம் என்ற கணக்கு. லாரியில் இருந்தபோது இதே மாதிரி ஒருவர் சுருண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயில் இனிப்புப் போட்டால் பிழைப்பார்கள். போடாவிட்டால் இல்லை.

கொட்டானுக்குக் கை நீட்டினேன். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அவுகளுக்குக் கொண்டு போறது. அவுக எடுக்கமுன்ன நான் எடுக்கக் கூடாது. எச்சப்படுத்தாத.”

வேறு சீமைக்காரன் என்றால் வாயைப் பிளந்து திணித்திருப்பான். படையல் பொருள் என்று கேட்டதும் என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. கதவுகளைத் திறந்து வைத்தேன். என் துண்டை நனைத்து அவர் தலையில் போட்டேன். ரோட்டுக்குப் போனால் சிக்னல் கிடைக்கும், கடை இருந்தால் சர்க்கரை கிடைக்கும் என்று கிளம்பினேன்.

வழியில் ஒரு வேம்பு. அதன் அடியில் ஒரு கல், செம்மண்ணில் குத்தி நிறுத்திய அரிவாள், கிளை முழுக்க மணிகள். கருப்பர். அங்கே நின்றேன். கற்பூரம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. வாயும் காய்ந்து கிடந்தது.

“கருப்பா, எனக்கு எதுவும் வேணாம். அந்த மனுசன் நம்பிக்கையில பட்டினி கிடக்குறாரு. அவரைச் சாக விட்றாத.”

காற்றே இல்லை. வேப்பிலை ஒன்று கூட அசையவில்லை. மணிகளில் ஒன்று மட்டும் ஆடியது. மணியின் நாக்கு உள்பக்கத்தில் மோதுவதைக் கண்ணால் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். பின்னாலிருந்து, “பாண்டி.”

நிற்கவில்லை. உச்சிப் பொழுதில் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. மனிதக் குரல் என்றால் மறுபடி கூப்பிடும். இது நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மறுபடியும் கேட்டது, “பாண்டி.” பக்கத்தில் கேட்டது. மூன்றாவது தடவை காதோரம். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. வேலைக்காரனைத் திருப்பிக் கூப்பிடுகிற குரல். அந்தக் காட்டில் என் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

திரும்பினேன். பாதையில் யாருமில்லை. தூரத்தில் கார் நின்ற இடத்தில், மரங்களுக்கு நடுவே, மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. செத்துப்போன காரின் அபாய விளக்கு.

இந்தத் தடவை ஓடினேன்.

நான் போனபோது ரெக்கவரி வண்டி அங்கே நின்றது. டிரைவர் காதர் பாய் தண்ணீர் பாட்டிலோடு குனிந்திருந்தார். தேவகோட்டைக்காரர். ஐயா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் தெளிவாக இருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. கொட்டான் திறந்திருந்தது. கல் மாதிரி இருந்த வெல்ல உருண்டை மூன்றாக உடைந்திருந்தது. ஒரு துண்டில் மிச்சம் அவர் கையில். மற்ற இரண்டும் பாதையோரம் தரையில், ஆளுக்கொன்று வைத்த மாதிரி, ஒரு பூவரச இலை மேல்.

நீங்கள் கொடுத்தீர்களா என்று பாயைக் கேட்டேன். நான் வரும்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றார்.

சக்கரம் பூட்டிக் கிடந்ததால் காரை ஏற்ற நேரம் பிடிக்கும். பாய் யோசிக்கவே இல்லை.

“காரு எங்கிட்டும் ஓடிராது தம்பி. ஆளைத் தூக்கு.”

ஐயாவைத் தூக்கும்போது தரையில் இருந்த வெல்லத்தைக் கவனித்தேன். சித்திரையில் ஒரு துளி இனிப்புச் சிந்தினால் எறும்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அந்த இரண்டு துண்டுகளில் ஒரு எறும்பு கூட இல்லை. பக்கத்தில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. இலைக்கு நேராக வந்ததும் வளைந்து, சுற்றிக்கொண்டு போனது.

போகும் வழியில் பாய் சொன்னார். லொகேஷன் அவரைக் கண்மாய்க்கு நடுவில் போகச் சொல்லியிருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவர், காட்டுக்குள் விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்து, கண்மாய்ப் பக்கமிருந்தே உள்ளே திருப்பியிருக்கிறார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஐயாவைப் படுக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவே திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் வெளியே போன பிறகு ஐயா என் கையைப் பிடித்தார்.

“ரெண்டு பேரு வந்தாக. ஒரு ஆச்சி, கூட ஒரு பெரியவுக. செருப்பு இல்ல. அந்த ஆச்சி கொட்டானைத் தொறந்துச்சு. ‘எங்களுக்குத்தான கொண்டாந்த? நாங்க எடுத்துக்கிட்டோம். இனி நீ சாப்பிடு’ன்னுச்சு.”

சாயங்காலம் அவருடைய பங்காளி ஒருவர் வீட்டிலிருந்து போன் செய்தார். எல்லாரும் அதுவரை இவருக்காகப் பட்டினியாகக் காத்திருந்தார்கள். ஐயா நடந்ததைச் சொன்னார். வழியிலேயே வெல்லத்தைத் தின்றதற்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். பங்காளி வீட்டுக்குள் திரும்பிச் சொன்னது போனில் கேட்டது.

“படைப்பு முடிஞ்சிருச்சாம். பிள்ளைகளுக்கு இலையைப் போடுங்க.”

இருட்டுவதற்குள் பாயும் நானும் காரை எடுக்கப் போனோம். முன்மூடியைத் திறந்து சின்ன பேட்டரியைச் சோதித்தார். உயிரே இல்லை. இதில் விளக்கு எரியாதே என்று என்னைப் பார்த்தார். சில நேரம் சாகும்முன் ஒரு தடவை முழித்துக்கொள்ளும் என்று பின்னால் ஒர்க்ஷாப்பில் ஒருவர் சொன்னார். இருக்கலாம். எனக்கு வண்டியைப் பற்றி அவ்வளவு தெரியாது. இலை அங்கேயே இருந்தது. வெல்லம் இல்லை. இலையில் பிசுபிசுப்பு கூட இல்லை.

காரை ஏற்றி வரும் வழியில் வேம்படியில் பாயே வண்டியை நிறுத்தினார். நான் இறங்கிக் கும்பிட்டு வந்தேன். கூட வேலை பார்த்த பையன் கல்ஃபுக்குப் போய்விட்டான், காலையில் வருகிறாயா என்று மட்டும் கேட்டார்.

எந்த வேலைக்குப் போனாலும் எப்போது கிளம்புவோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அன்று தோன்றவில்லை. பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டது யாரோ, அவர் என்னைச் சும்மா கூப்பிட்டிருக்க மாட்டார். சாமி கும்பிடுகிறவர்களே, உங்கள் கை நீளாத இடத்தில் அவர் கை நீளும். கேளுங்கள். கேட்டுவிட்டு, கூப்பிட்டால் திரும்புங்கள்.

மறுநாள் விடியும்போது ரெக்கவரி வண்டியில் ஏறிவிட்டேன். முதல் அழைப்பு தேவகோட்டை ரோட்டிலிருந்து வந்தது. கரண்டுக் கார், புருசன் பொண்டாட்டி, கைக்குழந்தை. கொக்கியை எடுப்பதற்கு முன்னால் நான் கதவுப் பக்கம் போய், “எல்லாரும் சாப்டீகளா?” என்று கேட்டேன். என் சட்டைப் பையில், ராத்திரியே கடையில் வாங்கி வைத்த ஒரு துண்டு வெல்லம் இருந்தது.