ஃபியூஸ் பெட்டி மூடியில் ஒரு பேர்

போன வாரம் சுங்கைப்பட்டாணி பக்கம் பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு மின்சாரச் சோதனைக்கு ஒரு பையன் வந்தான். நம்ம தமிழ்ப் பையன்தான். வாசலுக்கு மேலே இருந்த பழைய ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான். உருவும்போதே வாசம் வந்துவிட்டது. சூடுபட்ட ரப்பர் வாசம்.

“அங்கிள், இது ரொம்பப் பழசு லா. வயர் தோலெல்லாம் உதிருது. மாத்தியே ஆகணும்.”

“மாத்து” என்றேன். நானும் வயர்மேனாக இருந்தவன் என்று சொல்லவில்லை. ஊரார் வீட்டுப் பெட்டிகளைக் குறை சொல்லியே காலம் தள்ளியவன், சொந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை.

அவன் மரமூடியைத் திருப்பினான். “உள்ள பென்சில்ல ஏதோ இருக்கு. படிக்க முடியல. உங்க பேரா, அங்கிள்?”

“இல்ல.”

அதற்கு மேல் அவனிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ரப்பர் வாசம் என்றால் எனக்கு மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம்தான். பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கரண்டு எடுக்கிற இஞ்சின் வீட்டில் வேலை. டீசல் கிடைக்காமல் போனதும் ரப்பர் ஷீட்டையே காய்ச்சி எண்ணெய் இறக்கி இஞ்சினை ஓட்டினார்கள். அந்த வாசம் சட்டையில், தலைமுடியில், தின்கிற மரவள்ளிக்கிழங்கில்கூட இருந்தது. கிழங்குக்கு வேறு ருசி இல்லாததால் அதையே ருசி என்று தின்றோம்.

வயர்மேன் இரண்டு பேர். மருதமுத்து அண்ணனும் நானும். துரை பங்களா, கணக்கு எழுதுகிற கிராணி வீடு, ஆஸ்பத்திரி, ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைக்கூடம் என்று கரண்டு இருக்கிற இடமெல்லாம் மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் கரண்டு இல்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

ஃபியூஸ் கம்பி கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. ஒருவன் ஆணியை வைப்பான். இன்னொருவன் சிகரெட் வெள்ளித்தாளை மடித்து வைப்பான். விளக்கு எரியும், ஒரு நாள் வீடும் எரியும். அண்ணன் விடமாட்டார். பழைய விளக்கு வயரைப் பிரித்து, உள்ளே இருக்கிற செம்பு இழையை எண்ணித்தான் போடுவார்.

“ஒரு இழை போதும்டா. அது போனா போவட்டும். வீடு நிக்கும்ல.”

பெட்டியைப் பார்த்தவன் மூடியின் உள்பக்கம் பென்சிலால் பேர் எழுத வேண்டும். வெள்ளைக்காரத் துரை வைத்த சட்டம். கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே. எனக்கு எழுதத் தெரியாது. நான் பார்த்த பெட்டியிலும் அண்ணனே வந்து தன் பேரை எழுதிவிடுவார்.

“ஒம் பேரு நீளம்டா. எம் பேருதான் கைக்கு வருது” என்பார். என் பேர் மூன்றே எழுத்து.

பங்களாவில் ஜப்பான் அதிகாரி இருந்தான். அந்த மாதம் பங்களாப் பெட்டியைப் பார்த்தது நான். ஒரு இழை போட்டேன். அண்ணன் வந்து பேர் எழுதினார். இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில், அலோர் ஸ்டாரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் சமையல்காரன் மின்சார இஸ்திரிப்பெட்டியை மாட்டினான். இழை தாங்கவில்லை. அதிகாரிகள் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடி நின்றது.

ஃபியூஸ் அதன் வேலையைத்தான் செய்தது. அவர்களுக்கு அது நாசவேலை.

கிராணியைக் கூப்பிட்டு மூடியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். அண்ணனை இஞ்சின் வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். நான் படிக்கட்டுக்குக் கீழே, குறடும் கையுமாக நின்றேன்.

“இது ஒம் பேருதானே?” என்றார் கிராணி.

அண்ணன் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “எம் பேருதாங்க.”

வாய் திறக்க நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. திறக்கவில்லை.

சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். வயர்மேன் தேவை என்று எங்கள் இருவரையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அன்று அண்ணனைப் பட்டியலில் சேர்த்தார்கள். லாரி கிளம்பிய காலையில் அவர் மனைவி அஞ்சலை அக்கா துணிமூட்டையைக் கொடுத்தார். அண்ணன் லாரியிலிருந்து குனிந்தார்.

“நான் வர்றதுக்குள்ள எழுதக் கத்துக்கடா. ஒனக்கும் சேத்து எழுதி எங் கை வலிக்குது.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நான் பார்த்து எழுத எனக்குக் கிடைத்தது மூடிகளில் இருந்த அண்ணன் பேர் மட்டும். மண்ணில் குச்சியால் எழுதிப் பழகினேன். பிறகு ஒவ்வொரு மாதமும் பெட்டியைப் பார்த்துவிட்டு மூடியில் அதையே எழுதினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கை வந்துவிட்டது என்று கொஞ்சம் பெருமைகூட. மடையன்.

புகைக்கூடத்துப் பெட்டி மூடியைக் கரையான் தின்றுவிட்டது. புது மூடி செய்து, பேர் எழுதி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, திருகாணி எடுக்க இஞ்சின் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்குப் புகைக்கூடத்தில்தான் வேலை. படிக்கத் தெரியாது. அந்த ஒரு பேரை மட்டும் அடையாளம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“தம்பி, அவரு வந்துட்டாரா? எங்க இருக்காரு?”

“இல்லக்கா. நான்தான் எழுதுனேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திட்டவில்லை. “சரி. எழுதுனது இருக்கட்டும். அழிச்சிடாத” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பங்களாப் பெட்டியைப் பார்த்தது நான் என்று அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சண்டை முடிந்து, சயாமில் மிஞ்சியவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அக்காவும் நானும் சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனில் போய்ப் போய் நின்றோம். அண்ணன் வரவில்லை. ஸ்டேஷனிலும் நான் சொல்லவில்லை. அக்கா கண்மூடும் வரைக்கும் சொல்லவில்லை.

தோட்டத்தில் ரப்பர் போய் இப்போது எண்ணெய்க்குச் செம்பனை. இஞ்சின் வீடு இருந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது. புகைக்கூடத்தை இடித்தபோது, நான் அண்ணன் பேர் எழுதிய அந்த மூடியைக் கேட்டு வாங்கி வந்து என் வீட்டுப் பெட்டிக்கு மாட்டினேன்.

பையன் வெள்ளை பிளாஸ்டிக் பெட்டியை மாட்டிவிட்டான். கோளாறு வந்தால் சுவிட்சு தானாக விழுமாம். கம்பி வேண்டாம். பேரும் எழுத வேண்டாம். பழசையெல்லாம் வேனில் ஏற்றும்போது மூடியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெரிகின்றன. மேலே ஒரு தடவை எழுதலாம் என்று பென்சிலை எடுத்தேன்.

எழுதவில்லை. எழுதினாலும், வந்துட்டாரா என்று ஓடி வந்து கேட்க அக்கா இல்லை.