மஞ்சக்குப்பத்துக் குளியலறையும் மைமூன் டீச்சரும்

போன வியாழக்கிழமை மாலை, சிதம்பரம் கீழவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் கடையை விட்டு இறங்கி வந்தார். "டீச்சர், ஒங்களுக்குச் சேதி வந்துச்சா? நம்ம மைமூன் டீச்சர் மவுத்தாயிட்டாங்க. நேத்து மதியமே அடக்கியாச்சு" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வாங்க வந்த ரவிக்கைத் துணியை அளந்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். நான் கேட்க நினைத்த நிறம் அது இல்லை என்பது வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் தெரிந்தது.

அவரோடு பணிபுரிந்தவர்களும் அவரிடம் பூகோளம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். கடலூரில் அவர் வகுப்பு எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுப் படுகையைப் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய், ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, "எந்தப் பக்கம் சரிவுன்னு என்னைக் கேக்காதீங்கடி, தண்ணியக் கேளுங்க" என்பார். தலைமை ஆசிரியை ஜன்னலில் நின்று முறைப்பார். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு குளியலறையைப் பற்றி. அஞ்சலிக் கட்டுரையில் இது என்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் சிரித்திருப்பார். எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

சிதம்பரத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன், நானும் மைமூன் டீச்சரும் கஸ்தூரியும் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நானும் மைமூன் டீச்சரும் நாற்பதைத் தொட்டவர்கள். கஸ்தூரி அப்போதுதான் வேலைக்கு வந்தவள். கம்மாபுரம் பக்கத்துப் பெண். இரண்டு மூத்த ஆசிரியைகளோடு தங்குகிறாள் என்பதால் மட்டுமே அவளுடைய அப்பா வேலைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். "அந்த வீடு இல்லேன்னா நீ ஊருக்கு வந்துடணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தனியாக இருக்கும் பெண்களுக்கு வேறு யாரும் வீடு கொடுக்கத் தயாராக இல்லை என்பது நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டது.

முன்கட்டில் வீட்டுக்காரர் சபாபதி. பழையபட்டினத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மனைவியும் வளர்ந்த இரண்டு மகன்களும் அவரோடு இருந்தார்கள். இரண்டு கட்டுக்கும் பொதுவாகக் கொல்லையில் ஒரு கிணறு, அதை ஒட்டி ஒரு சிறிய குளியலறை. ஆண்கள் கிணற்றடியில் குளித்துவிடுவார்கள். பெண்களுக்கு அந்த அறை. உள்ளே ஒரு தொட்டி, வெந்நீர் அண்டா, ஒரு கொடிக்கயிறு. இரண்டு சொம்பு ஊற்றினால் தரை முழுதும் தண்ணீர். கொடியில் போட்ட துணியும் ஆவியில் நனைந்துவிடும். அங்கே நின்று புடவை கட்டினால் கொசுவம் முழுக்க ஈரம். அந்த ஈரத்தோடு பள்ளிக்கூடம் போனால் மூன்றாவது பீரியடு வரை காயாது. சாக்கட்டித் தூள் வேறு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லாப் பெண்களும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஈரப் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டி, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, கொல்லையைக் கடந்து எங்கள் பின்கட்டுக்கு ஓடினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாபதி வந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பேசினார். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. வயசுப் பசங்க இருக்கிற வூடு. நீங்க ஈரத்தோட அங்கியும் இங்கியும் போறது நல்லா இல்ல. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க."

"பசங்கள வேற எடம் பாக்கச் சொல்லலாமே" என்றார் மைமூன் டீச்சர்.

சபாபதி சிரிக்கவில்லை. கஸ்தூரி உள்ளே போய்விட்டாள். மைமூன் டீச்சர் தொடர்ந்தார். "நாங்க ஆசைப்பட்டா ஈரத்தோட ஓடறோம்? உள்ளாற நின்னு பொடவை கட்டக் காஞ்ச எடம் இல்ல. ஒரு கையகல எடம் காஞ்சி இருந்தா, கட்டிக்கிட்டே வெளிய வருவோம். அந்த ரூமை ரெண்டாப் பிரிச்சுக்கிறோம்."

"ஆறடி ரூமு. அதை ரெண்டாக்கினா கோழிக்கூடும்மா."

"கோழி நனையாம இருக்குமில்ல."

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கி மாளாது என்றார் சபாபதி. சுண்ணாம்பே போதும் என்றார் இவர். கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில் இருக்கிறது, அது அங்கேயேதான் இருக்க வேண்டும். மைமூன் டீச்சர் தலையாட்டினார். அவருக்கு ஐந்து வேளைத் தொழுகை உண்டு. முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத் துணியில் அழுக்குத் தண்ணீர் படாமல் வெளியே வர அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதையும் சொல்லியிருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன். "சொன்னா இது என் ஒருத்தியோட பாடாயிடும் ராஜம். இது எல்லாப் பொம்பளைங்க பாடும்" என்றார்.

ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்புறத்தில் படம் போட்டார். கொத்தனார் வந்தார். குறுக்கே ஒரு கடப்பைக்கல்லை நிறுத்தி வைத்து, அதற்கு அந்தப் பக்கம் தரையை ஒரு சாண் உயர்த்தி, இந்தப் பக்கம் தண்ணீர் தூம்பை நோக்கி ஓடும்படி வாட்டம் விட்டார். மேட்டுக்கு மேலே துணி மாட்ட ஆணிகள், நடுவே ஒரு தட்டி. சுண்ணாம்பு காய்ந்ததும் கஸ்தூரிதான் முதலில் போனாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"டீச்சர், பொடவை கட்டிட்டேன். கொஞ்சம்கூட நனையல. ஆனா எப்படி வெளிய வர்றது?"

கதவு தொட்டியின் பக்கத்தில் இருந்தது. தொட்டியை நகர்த்தக்கூடாது என்பதால் ஈரப் பகுதி கதவோரம் அமைந்துவிட்டது. காய்ந்த மேடு உள்கோடியில். கஞ்சி போட்ட புடவையோடு மேட்டில் நின்றவள், வெளியே வர வேண்டுமானால் அந்தத் தண்ணீரை மிதித்துத்தான் வர வேண்டும். படம் போட்டவருக்கும் அது தோன்றவில்லை, பார்த்த எனக்கும் தோன்றவில்லை. மைமூன் டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூகோள டீச்சர் தீவு கட்டியிருக்கேன்."

சபாபதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். மேடு இருந்த பக்கத்துச் சுவர் தாழ்வாரத்தை ஒட்டியது. அதில் கதவு வைத்தால், கொல்லைக்கே இறங்காமல் இரண்டு கட்டுப் பெண்களும் வந்து போகலாம் என்றார் மைமூன் டீச்சர். அதைக் கேட்டதும் சபாபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "செவுத்துல கை வைக்காதீங்க. மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்." அன்று மாலை கஸ்தூரி தன் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்தாள்.

மறுநாள் கிணற்றடியில் வீட்டுக்காரம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். மைமூன் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க எப்பம்மா குளிக்கிறீங்க? நாங்க வந்து இத்தினி நாள்ல பாத்ததே இல்லியே."

"கருக்கல்லயே முடிச்சிடுவேன் டீச்சர். யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி."

"மார்கழியிலயுமா?"

"கல்யாணமாகி வந்ததிலேருந்து அப்படித்தான். மாமனார் இருந்தாரு, கொழுந்தனுங்க இருந்தாங்க. அவுங்க எதிர்ல ஈரத்தோட வர முடியுமா? முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சி, இன்னா பண்றது."

"மாமனார்தான் போயிட்டாரே. கொழுந்தனுங்க தனியாப் போயிட்டாங்களே."

"இப்ப பசங்க பெரிசாயிட்டாங்க இல்ல" என்றார் அந்த அம்மா. துணியைப் பிழிந்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார்.

மைமூன் டீச்சர் அவர் பிழிந்த துணியை வாங்கி உதறினார். பிறகு, "ஒரு தடவ உள்ள போயி அந்த மேட்டு மேல நின்னு பாருங்க" என்றார். வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகல். குளிக்கவும் இல்லை, தண்ணீர் சத்தமும் இல்லை. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஈரத்தைத் தாண்டி வந்து, "கதவு அந்தப் பக்கம்தான் இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியைத் தொடர்ந்து துவைத்தார்.

அடுத்த நாள் காலை சபாபதி எங்கள் வாசலில் நின்றார். "ஈசானிய மூலையத் தொடக்கூடாது. கதவு வேணா ஒங்க இஷ்டம்" என்றார். முன்கட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "அவுங்க இஷ்டம் இல்ல, என் இஷ்டம்."

பழைய கதவை அடைத்து, அங்கே சின்ன ஜன்னல் விட்டார்கள். கிணற்றில் இறைத்ததை அதன் வழியாகவே தொட்டியில் ஊற்றலாம். புதுக் கதவு தாழ்வாரத்தில் திறந்தது. மாசக் கடைசி வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு வீட்டுக்காரம்மா தோளில் உலர்ந்த புடவையும் கையில் மஞ்சளுமாக மகன்களைக் கடந்து உள்ளே போனார். நிதானமாகக் குளித்து, முழுக்க உடுத்தி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பெரிய மகன், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? இந்நேரத்துல குளிக்கிற?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்து வெயிலில் உட்கார்ந்து தலையைக் காயவைத்தார். மைமூன் டீச்சர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரியின் அப்பாவும் ஒருமுறை வந்தார். எங்கே போய்க் குளிக்கிறாய், எந்த வழியாக வருகிறாய் என்று மகளைக் கேட்டு, நடந்து பார்த்தார். கொண்டுவந்த பூசணிக்காயையும் மகளையும் எங்களிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

சனிக்கிழமை நான் பரங்கிப்பேட்டை போனேன். கஸ்தூரி கடலூரிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்தாள். இன்றும் அதே வேலையில் இருக்கிறாள். மைமூன் டீச்சரின் தங்கை எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். கடைசி மாதங்களில் அக்காவால் எழுந்து நடக்க முடியவில்லை என்றார். "லாத்தா படுத்துக்கிட்டேதான் எல்லாரையும் வேலை வாங்கும். வலிக்குதான்னு கேட்டா, வலிக்குது, அதுக்காக மூஞ்சிய அப்படி வச்சிக்காதேம்பாங்க." கஸ்தூரி சிரித்தாள், பிறகு அழுதாள். அக்காவின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் தானும் ஒருத்தி என்று தங்கை சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று பேருந்தில் வரும்போது யோசித்தேன். ஈரத்தோடு ஓடுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அது பெண்ணாகப் பிறந்ததன் பகுதி, வாய்விட்டுச் சொல்லும் குறையல்ல என்று பி.ஏ.யும் பி.டி.யும் முடித்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதை ஓர் ஆண்பிள்ளையிடம், அரிசி விலை சொல்லும் குரலில் சொன்னார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அந்தக் குரலைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அது இன்னும் சரியாகப் படியவில்லை. இங்கே எங்கள் விடுதியில் மாணவிகள் குளித்துவிட்டு உடைமாற்ற மறைவான இடம் இல்லை. போன மாதம் நிர்வாகக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். நடுவில் குரல் தாழ்ந்துவிட்டது. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், இன்னொருவர், "இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமே டீச்சர்" என்றார். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. மறுபடியும் சொல்லப்போகிறேன்.