கழற்றாத கம்பி

எங்கள் ஊரில் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜிப்ரி நானாவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சீகிரியா ரோட்டிலிருந்து உள்ளே போனால், நெல்லும் வெங்காயமும் செய்கிற ஐம்பது குடும்பம் நாங்கள். இரண்டு பக்கமும் அரசாங்கம் ஒதுக்கிய காடு, நடுவில் எங்கள் வயல். யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றக் காட்டுக்குப் போக வேறு வழியில்லை. அதனால் பயிர் நிற்கும்போது மின்வேலி போடுவோம். அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வைத்து வழி விடுவோம். நாங்கள் எல்லோரும் முறுக்கிக்கொண்டு நின்றபோது, வீடு வீடாகப் போய் இதற்குச் சம்மதிக்க வைத்தவர் நானாதான். அவரையே வேலிக் கமிட்டிக்குத் தலைவராக்கினோம். என் வயல் அவருடைய வயலுக்கு அடுத்தது.

வனஜீவி அலுவலகத்து சிவநந்தினி மிஸ் மாத்தளை டவுன் பிள்ளை. பத்து ஊர் வேலிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள். மற்ற ஊர்களுக்கு நேரில் போவாள். எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு போன். நானா சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள். அதில் எங்களுக்கும் கொஞ்சம் திமிர்தான்.

போன வருஷம் அறுவடைக்குப் பிறகும் வயலில் ஈரம் மிச்சமிருந்தது. நானா அதில் பயறு விதைத்தார். அவரைப் பார்த்து நானும் விதைத்தேன். பயறு போட்டவன் கம்பியைக் கழற்றுவானா? காய் ஆய்ந்து முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார் நானா. சரி என்றோம். அந்த நேரம் பார்த்து, கம்பி கழற்றியாச்சா என்று கேட்டு மிஸ் நானாவுக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கழட்டியாச்சு மிஸ்," என்றார் நானா. என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் விடியற்காலையில் யானைகள் வந்தன. கம்பியில் பட்டுத் திரும்பி, மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கின்றன. அங்கே வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வெட்டிய, சுற்றுக்கட்டில்லாத கிணறு. குட்டி அதற்குள் விழுந்துவிட்டது. பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து கரையை வெட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. தாய் காட்டோரத்தில் நின்று பிளிறியது ஊருக்கே கேட்டது.

குட்டியை மீட்கக் கிணற்றுக்குள் இறங்கிய மிஸ் சேறும் சகதியுமாக மேலே வந்தாள். வயலில் நின்ற கம்பியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"நீங்க சொன்னதாலதான் நானா, நான் வந்து பாக்கல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. கழற்றியாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் அவள். பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டதும் அவளைத்தான்.

அன்று பின்னேரமே பயற்றை மிதித்துக்கொண்டு கம்பியைச் சுருட்டினோம். கமிட்டிக் கூட்டத்தில் நானா எழுந்து, பொய் சொன்னவன் தான்தான், வேறு தலைவரைப் பாருங்கள் என்றார்.

"ஒரு யானக் குட்டிக்காகப் போய் ஏன் நானா இப்பிடி?" என்று கமிட்டியில் இருக்கிற பஸ்லி ஆறுதல் சொன்னான். எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். நானா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கும் தலைவர் அவர்தான்.

இந்த வருஷம் அறுவடை முடிந்த மறுநாளே கம்பியைக் கழற்றிவிட்டோம். நானா தானே மிஸ்ஸுக்குப் போன் எடுத்துச் சொன்னார். சரி நானா என்று மரியாதையாகத்தான் சொன்னாளாம். ஒரு மணித்தியாலத்தில் வந்து இறங்கி, தூண் தூணாக நடந்து பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். ஏதாவது கேட்பாள் என்று நானா இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அவள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.