மகள் இருந்த சஷ்டி விரதம்

இரண்டு வருடங்களுக்கு முன், கந்த சஷ்டி சமயம் அது. நாங்கள் இருப்பது தூத்துக்குடி முத்தையாபுரத்தில். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கபடியில் கெட்டிக்காரி. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள், விரதத்தின் கடைசி நாளிலேயே வந்து விழுந்தது. அதில் தேறிவிட்டால் போதும், கபடியே தன் வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளையாடுகிற பிள்ளை என்று உளுந்தங்களியும் முட்டையுமாகக் கொடுத்து வளர்த்தவள் நான். ஒரு தோசை குறைத்துச் சாப்பிட்டாலே வீட்டை இரண்டாக்கிவிடுவேன். சஷ்டி தொடங்கிய அன்று அவள், "அம்மா, நானும் விரதம் இருக்கப் போறேன். ராத்திரி ஒரு டம்ளர் பால் போதும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு பக்தியா என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். அந்தப் புழுக்கத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் ஓடினாள். அதுவும் ஏதோ பயிற்சி என்றுதான் நினைத்தேன்.

ஆள் எடுக்கும் நாளில் நானும் கூடப் போயிருந்தேன். காலையில் எடை பார்த்து உள்ளே அனுப்பினார்கள். முதல் ஆட்டத்திலேயே எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போனாள். எதிரணிப் பெண் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பாட்டு நின்றுவிட்டது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு தடுமாறினாள். அதற்குள் நாலைந்து பேர் அவள்மேல் விழுந்துவிட்டார்கள். அவள் அலறிய சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. முழங்கால் திரும்பிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய காய்ந்து வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். "சஷ்டி விரதம் சார்" என்றேன், அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக. உடம்பில் தண்ணீரே இல்லையேம்மா, கால் எப்படித் தாங்கும் என்றார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விரதம்லாம் இல்லம்மா. வெயிட் கூடுதலா இருந்துச்சு, கூடுனா சேக்க மாட்டாவ. வேர்த்துக் குறையட்டும்னுதான் மழைக்கோட்டு போட்டு ஓடுனேன். சும்மா சாப்பாடு வேண்டாம்னா நீ விடுவியா? அதான் சாமி பேரச் சொன்னேன்."

"ஏளா, அந்தப் பாலையாவது குடிச்சியா?"

இல்லை என்று தலையாட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறாள், கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் கபடி முடிந்துபோனது. டிவியில் ஆட்டம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள், நானும் டிவியை அணைத்துவிடுவேன். சஷ்டிக்கு நான் இன்றும் விரதம் இருக்கிறேன். அவளுக்கு மட்டும் மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறேன். "பசிக்கலம்மா" என்று அவள் யதார்த்தமாகச் சொன்னால்கூட தட்டை விட்டு எழ விடமாட்டேன். சாமியின் பெயரைச் சொன்னாலும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.