மடி நைந்த கண்டாங்கி

இலுப்பூர்ச் சந்தைக்குப் போகிற பெண்கள் கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் போவார்கள். செவந்தி மட்டும் செல்லமுத்துவின் பழந்துணிக் கடைக்குப் போவாள். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையில் ஒரு படுதா, அதன்மேல் ஒரு குவியல், அவ்வளவுதான். ஊர் ஊராக அலுமினியச் சட்டி சுமந்து போய், சட்டியைக் கொடுத்துப் பழைய துணியை வாங்கி வந்து கொட்டுவான் செல்லமுத்து.

அந்தக் குவியலில் கையை விட்டால் செவந்திக்கு உலகம் மறந்துபோகும். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு ஒன்று கிடைக்கும். மன்னராட்சி போன கையோடு எந்தச் சேவகன் கழற்றிப் போட்டதோ. ரங்கூன் லுங்கி ஒன்று கிடைக்கும். அதை முகர்ந்ததும் இவள் கப்பல் ஏறிவிடுவாள். ஒட்டுப்போட்ட ரவிக்கையைத் தூக்கிப் பிடித்து, இதைத் தைத்தவள் எந்தச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், வெளியே மழை பெய்திருக்குமா என்று யோசிப்பாள். புதுத்துணியில் என்ன இருக்கிறது, கஞ்சி வாடைதானே! பழஞ்சேலையைக் கட்டிக்கொண்டால் ஒரு வீடே கூட வருகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. புருஷன் நல்லதம்பி ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவள் கனவுக்குக் குறுக்கே நிற்காத மனுஷன்.

மாமியார் முத்துமாரியம்மாள் அப்படி இல்லை. செவந்திக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தொட்டிலை விட்டு இறங்காமலே போய்ச் சேர்ந்திருந்தன. "கண்டவ உடுத்துனதை உடுத்துனா அவ பாவமும் ஒட்டத்தானே செய்யும்? ஒனக்குப் புள்ளை தங்காததுக்கு அதுதான் காரணம்" என்றாள் ஒருநாள். செவந்தி அன்றோடு கடைப்பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

மூன்றாவது முறை மாசமானபோதுதான் சிக்கல் வந்தது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக்கூடாது. நிறையப் பெற்று, பெற்றதெல்லாம் தங்கிய ஒருத்தி கட்டிய பழஞ்சேலையில்தான் தொட்டில் கட்ட வேண்டும். முத்துமாரியம்மாள் அக்கம்பக்கமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். வீடு கொள்ளாத பிள்ளைக்காரி, எதிர்வீட்டு அழகி, "சேலையைக் குடுத்தா எங்க வீட்டு ராசியும் கூடவே வந்துருமே அக்கா" என்று நழுவிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கடைசியில் மாமியாரே, "அந்தச் செல்லமுத்துகிட்டப் போயி நல்லதா ஒண்ணு பாரு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

யார் வீட்டுத் துணி என்று மட்டும் செல்லமுத்துவிடம் கேட்கக்கூடாது. "பேரை வெளிய சொன்னா நாளைக்கு எனக்கு யாரு துணி குடுப்பாங்க?" என்று எரிந்து விழுவான். அதனால் செவந்தி தன் கண்ணையும் விரலையும்தான் நம்பினாள். அடியில் ஓர் அரக்குக் கண்டாங்கிச் சேலை அகப்பட்டது. மடியில் வருகிற பக்கம் மட்டும் நைந்து மெத்தென்று இருந்தது. ஆங்காங்கே மஞ்சள் கறை. அவளுக்குச் சந்தை இரைச்சல் கேட்காமல் போயிற்று. பெரிய கூடத்தில் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று அவள் மடியில் உறங்க, இன்னொன்று அதைத் தள்ளிவிட்டு ஏறப் பார்க்கிறது, வேறொன்று முந்தானையில் வாயைத் துடைக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் தன் பிள்ளையும் தவழ்ந்து போவதைப் பார்த்தாள். பிள்ளைகள் ஏறி ஏறித் தேய்ந்த மடி, சந்தேகமே இல்லை!

பெண் குழந்தை பிறந்தது. கண்டாங்கித் தொட்டிலில் கிடந்து, கவிழ்ந்து, இறங்கி நடக்கவும் தொடங்கியது. காது குத்துவதற்கு முன் செல்லமுத்துவிடம் காட்ட வேண்டுமென்று தூக்கிக்கொண்டு போனாள் செவந்தி.

"அந்தச் சேலையில கெடந்த புள்ளையா? அடேயப்பா!" செல்லமுத்து சந்தோஷத்தில் தன் கட்டுப்பாட்டை மறந்துவிட்டான். "திருமயத்துல பூக்கட்டுற அம்மாவோட சேலையாச்சே அது! ஈரப் பூவை மடியில கொட்டிக் கட்டிக் கட்டியே நைஞ்சு போச்சு. பாவம், அதுக்குப் புள்ளை குட்டி இல்ல. இந்தச் சேதியச் சொன்னா எம்புட்டுச் சந்தோஷப்படும்!"

செவந்தி வழிநெடுகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். அந்தக் கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. ஈர மடியில் பூவை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். பயந்துகொண்டே வந்தவளுக்கு, அவளை நினைக்க நினைக்க அழுகை வந்துவிட்டது.

வீட்டில் முத்துமாரியம்மாள் தொட்டிலை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். "சேலை யாருதுன்னு சொன்னானா? எத்தனை புள்ளையாம் அந்த மகராசிக்கு?"

ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"ஒண்ணுகூட இல்லையாம் அத்தை" என்றாள் செவந்தி. "நம்ம புள்ளைதான் அவுகளுக்கு மொதப் புள்ளை."

மாமியாரின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. செவந்தி குழந்தையை அந்த நைந்த மடியில் கிடத்தி ஆட்டத் தொடங்கினாள்.

"பாத்து ஆட்டு" என்றாள் முத்துமாரியம்மாள். "அந்த அம்மா சேலை ரொம்ப நைஞ்சிருக்கு."