குழி தோண்டியது சின்னக்கருப்பன் இல்லை

இன்றைக்குக் கோட்டையூரில் அழகுசுந்தரம் அண்ணனைப் பார்த்தேன். கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன எங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போன நான், அவர் கொல்லையைப் பார்த்ததும் மோட்டாரையே மறந்துவிட்டேன். கிரந்திநாயகம்! நம் காட்டுச் செடி. முழங்கால் உயரம்கூட வராது, வெளிறிய ஊதாப் பூ. கோடையில் கருகினாலும் வேர் சாகாது, மழை விழுந்தால் மறுபடி தழைக்கும். ஐம்பது செடியாவது இருக்கும். பூவுக்குப் பூ, வயிற்றில் நீல வரி போட்ட தேனீ. "எப்படிண்ணே வளர்த்தீங்க?" என்று குதித்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவர் சொன்னதுதான் இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி சந்திரலேகா போட்ட கத்தரி பூத்துப் பூத்து உதிர்ந்தது, பிஞ்சு நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அழகுசுந்தரம் தன் சொந்த ஊரின் ஐயனார் கோயில் காட்டில், வீரை மரத்தடியில், இந்தப் பூவையும் அதை மொய்த்த நீலவரித் தேனீக்களையும் பார்த்தார். பூவைக் கொண்டுவந்தால் தேனீ வரும், தேனீ வந்தால் கத்தரி காய்க்கும் என்று கணக்குப் போட்டார். ஆனால் அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. 'காய்தானே, காற்றே கொண்டுபோகிறது' என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, காய்ந்த காய்களை மடியில் கட்டிக்கொண்டார்.

அந்தக் காயில் ஈரம் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்து, துணியால் மூடி விதை எடுத்தார்.

"காயிலு கட்டுற கையி காய்க்கு முக்காடு போடுது பாருங்க!" என்று சந்திரலேகா சிரித்தார்.

மூன்று தடவை விதைத்தார். விரல் ஆழத்தில் ஊன்றி, மண்ணை மூடி, காலையும் மாலையும் தண்ணீர். ஒன்றுகூட முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தால் விதை வழவழவென்று அழுகிக் கிடந்தது. காட்டு மண் இல்லாமல் இது ஆகாது என்று முடிவு கட்டினார். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மத்தியானம் வீரை மரத்தடியில் தோண்டி, ஒரு சாக்கு மண்ணை வண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குழியை மூடக்கூட நிற்கவில்லை. பயத்தில் அவசர அவசரமாக மண்ணைப் பரப்பி மேலாக விதையை வீசிவிட்டு வீட்டுக்குள் போனவர்தான். ஒன்பதாம் நாள் பச்சை தெரிந்தது.

ஊரில் குழி கண்ணில் பட்டுவிட்டது. அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் சின்னக்கருப்பன் ஒருவர்தான். உடும்புக்குத் தோண்டியிருப்பான் என்றார்கள். அவர் இல்லை என்றார், யாரும் கேட்கவில்லை. போன வருடம் புரவி எடுப்பு வந்தது. மண்குதிரைகளைத் தோளில் சுமந்து காட்டுக்குக் கொண்டுபோகும் திருவிழா. பதினாறு வயதிலிருந்து குதிரை சுமந்த சின்னக்கருப்பனின் தோள் வேண்டாம் என்று ஊர் சொல்லிவிட்டது.

காலியான இடத்துக்குக் கூப்பிட்டது யாரை? அழகுசுந்தரத்தை! அவரும் போய்த் தோள் கொடுத்தார். மோர்ப் பந்தல் ஓரமாகச் சின்னக்கருப்பன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

செடி பூத்தது, தேனீ வந்தது, கத்தரி காய்த்தது. அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு அவருக்கு இறங்கவில்லை. ஒருநாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வெறும் செம்மண்ணில், தெறித்து விழுந்த விதைகள் தானாக முளைத்து நின்றன. அப்போதுதான் விளங்கியது. அந்த விதைக்கு வேண்டியது வெளிச்சம். மேலே கிடந்தால் எந்த மண்ணிலும் முளைத்திருக்கும். சாக்கு மண் தேவையே பட்டிருக்காது. கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

சந்திரலேகா, "சாமி குத்தத்துக்குத் தேங்காயை ஒடைச்சிரலாம். அந்த மனுசனுக்கு எதை ஒடைப்பீக?" என்றார்.

இந்த வருடம் குதிரை செய்வதற்காகக் குயவர் பெத்தன் வேளாருக்குப் பிடிமண் கொடுக்க ஊர் கூடியது. காட்டு மண்ணில் ஒரு பிடி, ஊரார் முன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். அழகுசுந்தரம் எழுந்து நின்றார்.

"அந்தக் குழி நான் தோண்டுனது."

"எதுக்குப்பா, புதையலா?" என்றது ஒரு குரல்.

"செடி வளக்க."

கூட்டம் சிரித்தது. "அடப்பாவி, செடிக்கா சாமி காட்டை நோண்டுன?"

"சிரிக்காதீக," என்றார் பெத்தன் வேளார். "ஒரு பிடி எடுக்க ஊரையே கூட்டிக் கேக்குறோம். இவரு சாக்குல அள்ளிட்டுப் போயிருக்காரு."

சின்னக்கருப்பன் சிரிக்கவில்லை. "என் எடத்துல நின்னு தூக்குனியே, தோளு வலிக்கலையா?"

"வலிச்சுச்சுண்ணே."

"பொய் சொல்லாத. வலிச்சிருந்தா அங்கனயே எறக்கி வச்சிருப்ப." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

இந்த வருடம் சின்னக்கருப்பன் குதிரை சுமந்தார். அழகுசுந்தரத்துக்கு மூன்று வருடம் தோள் கிடையாது. அது போதாது என்கிறார் அவரே. சின்னக்கருப்பன் இன்னும் அவரோடு பேசுவதில்லை. அதைவிட, திருப்பத்தூர் சந்தைக்குச் சின்னக்கருப்பன் ஆடு ஓட்டிப் போனால், "என்னப்பா, உடும்பு சிக்குச்சா?" என்று இப்போதும் கேட்கிறார்களாம். பழி சந்தை வரைக்கும் போனது, உண்மை ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

செடியைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். காயில் கம்பியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "எழுதுங்க தம்பி. ஆனா என் செடியை நடுவுல எங்கயாச்சும் வைங்க. அவரு பேரைப் போட்டு, அவரு தோண்டலைன்னு மொதல்ல எழுதுங்க." தலைப்பு அதனால்தான்.

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அவரிடமே போங்கள், விதை தருவார். மூடாமல் உங்கள் வீட்டு மண்ணின் மேலேயே போடுங்கள், எந்தக் காட்டையும் தோண்ட வேண்டாம். முக்கியமாக, இதைப் பகிருங்கள். திருப்பத்தூர் சந்தைக்கு ஆடு வாங்கப் போகிறவர் யாராவது உங்கள் போனில் இருந்தால், முதலில் அவருக்கு அனுப்புங்கள்.