மொட்டைமாடியில் இரண்டு வால்வுகள்

செங்கல்பட்டு ஜங்ஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கிப் படியேறும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதியின் அலுவலகத்தில் எனக்கு வேலை, லீவு கிடைத்தது. சமையலை மாமி, அதாவது என் கணவரின் தாயார், பார்த்துக்கொண்டார். வலிகூட ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. குளிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று.

எங்கள் வீட்டில் ஷவர் இருந்தது, ஆனால் அதில் யாரும் குளித்ததில்லை. திறந்தால் நாலைந்து ஓட்டைகளில் நூல் நூலாக ஒழுகும். பக்கெட்டும் மக்கும் இருக்க, அதை யார் கேட்டார்கள்? இரண்டு கையும் நன்றாக இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது இடக்கையால் மொண்டு ஊற்றினால் பாதித் தண்ணீர் பின்சுவரில் போய் விழுந்தது.

அதனால் மாமி குளிப்பாட்டினார். நான் நைட்டியோடு ஸ்டூலில் உட்காருவேன். கட்டுப் போட்ட கையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல உயர்த்திக்கொள்வேன். மாமி பிரியாணி அண்டாவைக் கழுவும் வேகத்தில் என் தலையைத் தேய்ப்பார்.

"இன்னாத்துக்கு வெக்கப்பட்டுகினு கீறே? நானும் பொம்பள தானே?" என்பார். உடனே, "முதுகு ரொம்ப அகலமாயிடுச்சி உனுக்கு," என்பார்.

பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் மருமகளாக இருக்கிறேன். மாமி நல்லவர்தான். ஆனாலும் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் எனக்கு அழுகை வந்தது.

ரமலான் நோன்பு பிறக்க எட்டு நாள் இருந்தது. அதற்குள் மாதவிலக்கு வந்து முடிந்துவிடும். முடிந்ததும் குளிப்பு கடமை. முடியின் வேர் வரைக்கும் தண்ணீர் போக வேண்டும், கட்டுப் போட்ட இடம் தவிர உடம்பில் ஓர் இடமும் வறண்டிருக்கக் கூடாது. அதை நைட்டியோடு, மாமி முன்னால் செய்ய எனக்கு மனமில்லை. அந்த ஒரு குளியலையாவது கதவைச் சாத்திக்கொண்டு நானே குளித்து, நோன்பின் முதல் இரவுத் தொழுகையில் போய் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. அதற்கு ஷவர் கொட்ட வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். அவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே குளியலறைகளைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட ஷவர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தோசைக்கல் அகலம். "அங்க மழை மாதிரி கொட்டும்," என்றார். எங்கள் வீட்டில் மாட்டியதும் முன்பு ஒழுகியதும் நின்றது. நடுவில் ஒரு சொட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு. அதைக் கழற்றிவிட்டுப் பழையதை வினிகரில் ஊறவைத்தேன். போர்வெல் தண்ணீரின் உப்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மாட்டினால் நூல் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

"பிளம்பரக் கூப்புடு," என்றார் மாமி.

அதுதான் என்னால் முடியாத காரியம். பிளம்பர் வந்தால் மொட்டைமாடிக்குப் போவார். அங்கே நான் மூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்த ஒன்று இருந்தது.

மாடிப் போர்ஷனில் ஒரு நர்ஸும் அவள் கணவரும் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் போரில் தண்ணீர் இறங்கிப் போனது. அப்போது அவளுக்குக் கைக்குழந்தை. துணி துவைக்கும் மெஷின் ஒரு நாளைக்கு மூன்று முறை ஓடும். ஒரு நாள் காலையில் நான் தலையில் ஷாம்புவோடு நிற்கும்போது குழாய் நின்றது. துண்டைச் சுற்றி, மேலே ஷாலைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். டேங்கின் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்புகின்றன, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டிலும் திருகி மூடும் வால்வு உண்டு. அவர்களுடையதை முக்கால்வாசி மூடினேன். திருகத் திருக எனக்கு ஆத்திரம் தீர்ந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரைத் தடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று மாமி அடிக்கடி சொல்வார். தெரிந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். அதற்குப் பிறகு மெஷின் சத்தம் குறைந்தது. என் வைத்தியம் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கெட் மட்டும் முன்பைவிட மெதுவாக நிறைந்தது. இன்னும் வீணாக்குகிறாள் என்று அதற்கும் அவளையே கரித்துக்கொட்டினேன்.

கை உடைந்த செய்தி கேட்டு அவள் இரண்டு முறை பார்க்க வந்தாள். இரண்டாம் முறை மாமி ஷவர் கதையை எடுத்துவிட்டார்.

"எங்க பாத்ரூம்ல நல்லா கொட்டும்கா. மேல வந்து குளிங்களேன்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முக்கால்வாசி மூடிய குழாயில் எப்படி நன்றாகக் கொட்டும்? யாரோ கண்டுபிடித்துத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பயமும் வந்தது, கோபமும் வந்தது. "படி ஏற முடியாது," என்று சொல்லி வைத்தேன். கையில் கட்டுப் போட்டவள் சொல்லும் பதில்தானா அது?

நோன்புக்கு முந்தைய நாள், பிறை பார்க்க வேண்டிய அன்று, என்னைக் கேட்காமலே மாமி பிளம்பரை வரவழைத்துவிட்டார். அவர் முதலில் எங்கள் ஷவரைத் திறந்தார். பிறகு மேலே போய் அவர்களுடையதைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாக்கா இது, ரிவர்ஸா கீது? டேங்குலேந்து எவ்ளோ கீழ வருதோ அவ்ளோ வேகமா வரணும். மேல கொட்டுது, உங்களுக்கு ஒழுவுது."

மொட்டைமாடிக்குப் போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பப் போகிறது என்று தெரிந்தும் பின்னாலேயே போனேன். நர்ஸும் வந்து நின்றாள். அவர் ஒரு குழாயைத் தட்டினார், அது போன வழியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பார்த்தார். துருப்பிடித்த வால்வில் ஸ்பானரை மாட்டி ஒரு திருகு திருகினார்.

"உங்க லைன் வால்வ யாரோ மூடி வச்சிகிறாங்க. அவங்களுது ஃபுல்லா தொறந்து கீது."

அன்று ஆத்திரத்தில் எங்கள் குழாயையே மூடியிருக்கிறேன். மூன்று வருஷமாக என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டு அவளைத் திட்டியிருக்கிறேன்.

"யாரு மூடினது?" என்று கீழேயிருந்து மாமி கத்தினார்.

"முன்னாடி வேல செஞ்சவன் மறந்துட்டுப் போயிருப்பான்மா," என்றார் பிளம்பர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

பிளம்பர் போன பிறகு அவள் ஒரு தடித்த பையும் மருத்துவமனை டேப்பும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மாமி அடுப்படியில் இருந்தார். என் கையை மடியில் வைத்துப் பையை மாட்டினாள்.

"நீங்க வால்வ மூடின அன்னிக்கி நான் அங்கதான்கா இருந்தேன்," என்றாள், டேப்பைக் கிழித்தபடி. "பெட்ஷீட் காயப்போட்டுகினு இருந்தேன். பெட்ஷீட்டுக்கு அந்தாண்ட நின்னதால உங்களுக்குத் தெரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொன்னா அதத் தொறந்துட்டு எங்களுத மூடியிருப்பீங்க. அப்ப கொழந்தைக்கு முப்பது நாளு." டேப்பை இன்னொரு சுற்று சுற்றினாள். "எனக்கும் மனசு கேக்கல. அதான் மெஷின ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி போட்டேன். மத்ததெல்லாம் கையில தொவச்சேன்."

மேலே முப்பது நாள் குழந்தை இருந்தது எனக்குத் தெரியும். தொட்டில் போட்ட அன்று போய் வளையல் போட்டுவிட்டு வந்தவள் நான். தெரிந்தேதான் திருகினேன். வால்வு மாறிப்போனது என் தவறு, ஆனால் திருகியது தவறி நடந்ததல்ல. வெட்கம் என்றால் என்னவென்று மாமி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

"கைய மேலயே வச்சிக்கோங்க. சோப்பு கீழ வுழுந்தா குனியாதீங்க," என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு ஷவரைத் திறந்தேன். தலையில் விழுந்த வேகத்தில் ஒரு கணம் மூச்சு முட்டியது. இடக்கையால் முடியைக் கோதி வேர் வரை நனைத்தேன். உதவிக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. குளித்து முடிக்கும்வரை அழுதேன். வெளியே மாமி, "பொறை தெரிஞ்சிடுச்சாம், சீக்கிரம் வா," என்று கதவைத் தட்டினார்.

உடுத்திக்கொண்டு வந்து டேப்பைப் பிரித்தேன். மாவுக்கட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. தொழுகைக்குக் கிளம்பும் முன் அடுப்படிக்குப் போய், வால்வை மூடியது நான்தான் என்று மாமியிடம் சொன்னேன்.